சியாட்டிலின் 'கிங்' அரசர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சியாட்டில் பயணக் கட்டுரையில், அந்த நகரம் இருக்கும் கிங் கவுண்டி (அமெரிக்காவில் கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) 'இங்கிலாந்து அரசர் நினைவாகப் பெயர் பெற்றது' என்று இருக்கிறது. அது தவறு. முப்பத்திரண்டு ஆண்டு புவியியல் பாடம் எடுத்தவன் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் குடும்பம் பாத்தல் என்ற ஊரில் இருக்கிறது. ஊரின் தென்பாதி கிங் கவுண்டி, வடபாதி ஸ்னோஹோமிஷ் கவுண்டி. போன கோடையில் நான்கு மாதம் அங்கே தங்கியிருந்தேன். காலை நடைக்குக் கிளம்பினால் எதிரே வரும் பேருந்தின் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், மீசையோடு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, மார்ட்டின் லூதர் கிங். மாப்பிள்ளைக்கு வந்த வீட்டு வரிக் காகிதத்தின் மூலையிலும் அதே முகம்.

1852-இல் கவுண்டியை அமைத்தபோது வைத்தது வேறொரு கிங்கின் பெயர். அலபாமாக்காரரான வில்லியம் ரூஃபஸ் கிங், அந்த ஆண்டுதான் அதிபர் வேட்பாளர் பிராங்க்ளின் பியர்ஸோடு ஒரே அணியில் நின்று துணை அதிபராக வென்றிருந்தார். பக்கத்துக் கவுண்டிக்குப் பியர்ஸ் பெயர். இந்த கிங் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். காசநோய்க்காகக் கியூபா போனவர், அங்கேயே பதவியேற்று, ஊர் திரும்பி 1853 ஏப்ரலில் இறந்துபோனார்.

1986-இல் கவுண்டி மன்றத்தில் ரான் சிம்ஸ், புரூஸ் லேயிங் என்ற இரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கொரு கட்சி, சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார்கள்: இனி இந்தப் பெயர் மார்ட்டின் லூதர் கிங்கையே குறிக்கட்டும் என்று. 5-க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு! ஆனால் கவுண்டிக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் வாஷிங்டன் மாநிலத்தின் கையில். கவர்னர் கிறிஸ்டின் கிரெகோயர் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட 2005 ஆகிவிட்டது. பலகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். கவுண்டியின் சின்னத்தில் மட்டும் கிரீடம் அப்படியே இருந்தது. 2007-இல்தான் அதை எடுத்துவிட்டு நான் பார்த்த அந்த முகத்தை வைத்தார்கள். கட்டுரையாளர் எங்கோ பழைய கிரீடச் சின்னத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வாஷிங்டன் மாநிலத்தின் மற்ற கவுண்டிகளை 'வாயில் நுழையாத பெயர்கள்' என்று கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. மொத்தம் 39 கவுண்டிகள்; அவற்றில் பல, அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வைத்த பெயர்கள். வாலா வாலா என்றால் 'பல நீர்'. நம் 'கலகல', 'சலசல' போல இரட்டித்து வரும் சொல் நமக்கா வாயில் நுழையாது? வாட்கம் 'இரையும் நீர்'. ஷெலான் 'ஆழ நீர்'. ஷெலான் ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். கரையோரம் கூழாங்கல்லை எண்ணலாம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் நீலம் கறுத்துக் கிடக்கிறது. ஆழம் 450 மீட்டருக்கு மேல். பெயர் வைத்தவர்கள் அந்த நீரை அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். 'அரசர்' என்ற இடத்தில் மார்ட்டின் லூதர் கிங் என்ற முழுப்பெயர் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தென்காசி