வாய்க்காலில் கரையும் பூசணக்கொல்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டில் ஆற்று மாசு என்று பேச்செடுத்தாலே நொய்யலும் சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையும்தான் நினைவுக்கு வருகின்றன. அது நியாயமே. ஆனால் மஞ்சளுக்கும் வாழைக்கும் பூஞ்சை நோயைத் தடுக்கப் போடுகிற பூசணக்கொல்லி மருந்து நிறம் காட்டாமல் காலிங்கராயன், தடப்பள்ளி, கீழ்பவானி வாய்க்கால்களில் இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தண்ணீரில் விழும் புங்கன் இலையையோ நீர்மருது இலையையோ புழுக்கள் அப்படியே தின்றுவிடுவதில்லை. முதலில் நீர்ப்பூஞ்சை படர்ந்து, சில வாரங்களில் அதை மெத்தென்று ஆக்க வேண்டும். அப்போதுதான் இலையில் சத்து ஏறும். அதைத் தின்று பூச்சிப்புழுவும் நன்னீர் இறாலும் வளரும், அவற்றைத் தின்று கெளுத்தியும் ஆராலும் வளரும். வாழை இலைப்புள்ளிக்கு அடிக்கும் புரோபிகோனசோல், பூஞ்சையின் உயிரணு உறைக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுக்கிறது. நோய்ப்பூஞ்சை, நல்ல பூஞ்சை என்ற பேதம் அதற்கில்லை. அசாக்சிஸ்ட்ரோபின் வகைப் பூசணக்கொல்லி உயிரணுவின் மூச்சையே அடைப்பது. அந்த மூச்சுவழி மீனுக்கும் உண்டு. நீலப்பச்சைப் பாசியைத் தொற்றி அடக்கி வைக்கும் நுண்பூஞ்சைகளும் இருக்கின்றன. அவை செத்தால் குளத்தில் பாசி தடையின்றிப் பெருகும்.

மழையில் வயலிலிருந்து கழுவி வருவதைத் தடுப்பது கடினம். நாமே கையால் ஊற்றுவதை நாளைக்கே நிறுத்தலாம். விதைமஞ்சள் நேர்த்திக்கு லிட்டருக்கு 3 கிராம் மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லித் தூளைக் கரைத்து, கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துகிறோம். 100 லிட்டர் ட்ரம்மில் 300 கிராம் தூள். 75 சத மருந்து என்றால் அதில் வேலை செய்யும் வீரிய மருந்து 225 கிராம். கடைசியில் மிஞ்சும் 40 லிட்டரை வாய்க்காலில் கவிழ்த்தால் 90 கிராம் போகிறது. அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்கு நீர்த்துப்போகவே 90 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். மிஞ்சியதை அடுத்த தவணைக் கிழங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் எஞ்சுவதைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், நடவு நிலத்தில் பரவலாகத் தெளித்துவிடுங்கள். ஒரே குழியில் கொட்டக்கூடாது: மேன்கோசெப் சிதைந்து வரும் எத்திலீன் தயோயூரியா தண்ணீரில் நன்றாகக் கரைந்து நிலத்தடிக்குப் போய்விடும்.

மஞ்சள் கிழங்கு அழுகலுக்குக் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். காசுதான் கரியாகிறது. அழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்ற கிருமி அந்த மருந்துக்கு அசையாது. மருந்து மட்டும் வடிகால் வழியாக ஓடிவிடும். வயல் பாரில் தண்ணீர் தேங்காமல் வடிப்பதும், ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவதும்தான் பலன் தரும். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான் என்பதால் கார்பென்டாசிம் போட்ட இடத்தில் அது பிழைக்காது.

மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இயற்கையானது, கெடுதி இல்லை என்ற நம்பிக்கை தவறு. செம்பு சிதையாது, வாய்க்கால் வண்டலில் ஆண்டுக்காண்டு சேரும். மலையிலிருந்து நேராக வரும் மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கூடும், நத்தையையும் பாசியையும் முதலில் தாக்கும். 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். சுண்ணாம்பு பழசாகிப் பொடிந்திருந்தால் கரைந்த செம்பு மிஞ்சி நிற்கும். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும், இலையும் கருகாது.

மருந்து டேங்கை வாய்க்காலில் முக்கி நிரப்புவதும் அலசுவதும் அறவே கூடாது. குடத்தில் மொண்டு ஊற்றி, இரண்டிரண்டு லிட்டராக மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை அதே பயிரின் மேலேயே அடித்துவிட வேண்டும். காலி டப்பாவையும் மூன்று முறை கழுவி, கழுவிய நீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500:2012இன் பூச்சிமருந்துப் பட்டியலில் டிடிடி, எண்டோசல்ஃபான், அட்ரசின் எல்லாம் உண்டு. பூசணக்கொல்லி ஒன்றுகூட இல்லை. செம்புக்கு மட்டும் தனியே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்பு இருக்கிறது. பட்டியலில் இல்லாததை ஆய்வகம் தேடாது. மேன்கோசெப், கார்பென்டாசிம், புரோபிகோனசோல் மூன்றையாவது நம் வாய்க்கால்களில் சோதிக்க வேண்டும். மாதிரியை மஞ்சள் நடவு நடக்கும் வைகாசி, ஆனியிலும், இலைப்புள்ளிக்கு மருந்தடிக்கும் ஆவணி, புரட்டாசியிலும் மதகடியில் எடுக்க வேண்டும். மாசி, பங்குனியில் எடுத்தால் ஒன்றும் அகப்படாது.

இப்படிக்கு,
வாசகர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.