டோஃபு ‘அழுகிய’ உணவல்ல

ஆசிரியருக்கு,

சோயாப் பாலை உறைய வைத்துச் செய்யும் டோஃபுவின் பெயருக்கு ‘அழுகிய பயறு’ என்று பொருள் சொல்வது பாதி உண்மைதான். சீனத்தில் ‘ஃபு’ எழுத்துக்கு அழுகல் என்ற பொருள் உண்டு. ஆனால் இந்தப் பெயரில் அது உறைந்ததையே குறிக்கிறது. ஜப்பானில் சிலர் அந்த எழுத்தையே விலக்கி, அதே ஒலியுள்ள ‘செல்வம்’ என்று பொருள்படும் எழுத்தைப் போடுகிறார்கள்.

செய்முறையில் பலர் தவறுவது உறைய வைக்கும்போதுதான். காய்ச்சி வடித்த சோயாப் பால் 75-80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கட்டும். 250 கிராம் சோயாவின் பாலுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி மெக்னீசியம் குளோரைடு என்ற உறைய வைக்கும் உப்பை ஒரு கோப்பை நீரில் கரைத்து, மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். வேகமாகக் கலக்கினால் திரள் உடைந்து மணல் மணலாகிவிடும்; இந்த உப்பு கூடினால் கசக்கும். மேல்நீர் வெளிர்மஞ்சளாகத் தெளிந்ததும் துணியில் வடித்துப் பாரம் ஏற்றலாம். வெள்ளையாகவே கலங்கியிருந்தால் இன்னும் சிறிது கரைசல் தேவை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்