ஊர் வரலாற்றுக் கூட்டங்களுக்கு நூலகத்தில் ஒரு பதிவேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், செங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றில் வசிப்பவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, காலையில் நாளிதழ் படிப்பதற்கும் மாலையில் நான்கு பேரோடு பேசியிருப்பதற்கும் ஊர் நூலகத்தையே நம்பியிருக்கிறேன். நூலகங்களில் வாசகர் வட்டத்தின் பெயரால் நடைபெறும் கூட்டங்களைப் பற்றியும், குறிப்பாக ஊர் வரலாறு பேசப்படும் கூட்டங்கள் முடிந்த பிறகு அவற்றுக்கு நேரும் கதியைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இறந்துபட்ட வீரனின் நினைவாக நட்ட நடுகல் ஒன்றின் மைப்படியோடு, அதாவது கல்லெழுத்தை மை தடவி ஒற்றியெடுத்த தாளோடு, எங்கள் நூலகத்துக்கு வந்திருந்தார். வாசிப்பு மேசைகளை ஓரமாக ஒதுக்கி, தரையில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, நாளிதழ் மாட்டும் சட்டத்தில் துணிக் கவ்விகளைக் கொண்டு அந்த மைப்படித் தாளைத் தொங்கவிட்டோம். கறுத்த தாளில் வெள்ளையாகத் தெரிந்த, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துகளை அவர் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை, ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றிருந்த விவசாயி ஒருவர், “நாம இன்னைக்கும் மரம் பட்டுப்போச்சுன்னுதானே சொல்றோம்” என்றார். ஆசிரியர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அந்த விவசாயியை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். கூட்டம் உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

பேரனை அழைத்துப் போக வந்து வாசற்படியில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் அடுத்துப் பேசினார். “எங்க கொல்லையில இருக்கற வேடியப்பனும் இதே மாதிரிதான் வாத்தியாரே, ஒரு கையில வில்லு, ஒரு கையில கத்தி, காலுகிட்ட ஒரு கெண்டி” என்று தொடங்கினார். அந்தக் கல் முதலில் ஆற்றங்கரையில் இருந்தது என்றும், ஏரிக்கரையை உயர்த்திக் கட்டிய காலத்தில் தம் மாமனார்தான் அதை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து கொல்லைமேட்டில் நட்டார் என்றும், கரையில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் சொன்னார். எங்கள் பக்கத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று வழிபடுவது அனைவரும் அறிந்தது. ஆனால் பெயர்த்து வைக்கப்பட்ட ஒரு கல் முதலில் எங்கே நின்றது என்பதைக் கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தச் செய்தி அந்த அம்மாவிடம் மட்டுமே இருந்தது.

அன்றைய கூட்டத்தைப் பற்றி நூலகப் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: “வரலாற்றுச் சொற்பொழிவு நடைபெற்றது. வருகை 37.” சில மாதங்கள் கழித்து, நடுகற்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தபோது, நூலகரால் அவருக்குக் காட்ட முடிந்தது 37 கையெழுத்துகளை மட்டுமே. எனக்கு நினைவில் இருந்ததைச் சொன்னேன். ஆற்றின் எந்தக் கரை என்று அவர் கேட்டபோது, வடகரையா தென்கரையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மூதாட்டியோ அதற்குள் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார்.

இதில் நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒற்றை ஆளாக நூல் வழங்கி, வாங்கி அடுக்கி, உறுப்பினர் சேர்த்து, கணக்கு எழுதி, பூட்டைத் திறந்து மூடுகிற ஒருவரிடம் கூட்டத்தில் பேசியதையும் எழுதி வையுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் கூட்டம் நடத்துவது என்பதே ஏதோ நூலகர் தம் விருப்பத்துக்குச் செய்யும் கூடுதல் வேலை போலவும், அதற்கென ஒரு விதியோ நிதியோ இல்லாதது போலவும் அதிகாரிகள் முதல் வாசகர்கள் வரை பலரும் எண்ணிக்கொண்டிருப்பதைத்தான் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. நூலக ஆணைக்குழு செய்யக்கூடிய பணிகளாக அச்சட்டம் அடுக்கும் வரிசையில், கட்டடம் அமைப்பது, நூல் வாங்குவது ஆகியவற்றோடு, சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதும் தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் வழியாகத்தான் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். ஆகவே ஊர் நூலகத்தில் ஒரு சொற்பொழிவு கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது.

அச்சட்டத்துக்குப் பின்னால் இருந்த சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன், 1924இல் இங்கிலாந்து சென்றபோது அங்குள்ள பொது நூலகங்கள் ஊர் மக்கள் கூடும் இடங்களாகவும் இருப்பதைக் கண்டு திரும்பியவர். நூலகத்தை வளரும் உயிர் என்று சொன்னவர் அவர். அவர் பிறந்த நாளையொட்டி ஆகஸ்டு 12 அன்று நூலகர் தினம் கொண்டாடுகிறோம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழாவும் நடத்துகிறோம். அந்த விழாக்களில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, மேடையில் உள்ள ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்திய பிறகு, சிறப்புரை ஆற்ற வந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் மணி நேரம். ஒரே விழாவுக்கு வாங்கிய சால்வைகளின் விலையில் மூன்று பேச்சாளர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கொடுத்திருக்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கை வெளியே சொல்லவில்லை, எனக்கும் ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள்.

சிற்றூரில் மாதந்தோறும் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்று அந்நாளில் வழங்கப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றியது; சேயாறும் அதில் வருகிறது. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயர் சொல்லிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நூலகத்தில் இதைக் கேட்ட பிள்ளைகளில் ஒருவன் தன் வீட்டு நாய்க்குக் கோவிவன் என்று பெயர் வைத்துவிட்டான். 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் மோதியது செங்கத்தில்தான். திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னார்க்காட்டிலும், அதன் பிறகு வடார்க்காட்டிலும் இருந்து, 1989இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகரானது. தாத்தாவின் நிலப் பத்திரத்தைத் தேடி அலைகிறவருக்கு, எந்தக் காலத்து ஆவணத்தை எந்த மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலே அது நல்ல கூட்டம்தான். இவை போக, ஏரி மதகுகள், நின்றுபோன வாரச் சந்தைகள், 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் வேலைக்குப் போய்வந்தவர்களின் நினைவுகள் என்று ஆண்டுக்கணக்கில் பேச இருக்கிறது.

இத்தகைய பேச்சுக்கு நூலகமே ஏற்ற இடம் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் கோயில் மண்டபம் இருக்கிறது, திருமண மண்டபங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தயங்காமல் நுழைகிறவர்களும் உண்டு, வாசலோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. ஊர் வரலாறு என்று பேச்செடுத்தால் கல்லில் உள்ள வீரன் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று பிரிந்து நிற்பதும் நடக்கிறது. நூலகத்தில் அந்தச் சண்டை வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால், அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். மண்டபத்தில் அதற்கு வழியில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்க வேண்டும். எங்கள் பகுதிக் கற்களைப் படித்து, தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை 1972இல் வெளியிட்டது. அது எங்கள் நூலகத்தில் இல்லாததால், பேருந்தில் சென்னைக்குப் போய் கன்னிமாரா நூலகத்தில்தான் அதைப் பார்த்தேன். எங்கள் கொல்லையில் நிற்கும் கல்லைப் பற்றிப் படிக்க ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் அந்தந்த வட்டத்தின் கல்வெட்டுகள், பழைய மாவட்டக் கையேடுகள், கிடைக்கும் ஊர் வரலாறுகள் ஆகியவற்றின் படிகளை, ஒளிநகலாகவேனும், தனி அலமாரியில் வைக்க மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் முன்வர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊர் வரலாற்றுக்கு என்று நிலையாக ஒதுக்கினால் போதும். நாள் மாறிக்கொண்டே இருந்தால் ஆள் வரமாட்டார்கள். பேச்சாளருக்கு வழிச்செலவு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேசியதும் கேட்டதும் பதிவாக வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது எளிது. அதைச் செய்த மாணவர் கைப்பேசியை மாற்றும்போது அதுவும் போய்விடுகிறது. ஆகவே ஒலிப்பதிவோடு கட்டுப் போட்ட பதிவேடு ஒன்றும் வேண்டும். அதில் இடப்பக்கம் கல்லிலோ ஆவணத்திலோ உள்ளதையும், வலப்பக்கம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதை யார் சொன்னார் என்பதோடும் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பத்து ஆண்டுகளில் எல்லாமே கதையாகிவிடும். எழுதும் பொறுப்பை வாசகர் வட்டத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். பதிவேட்டை வாங்கி, முத்திரையிட்டு, நூலகச் சொத்தாகக் கணக்கில் சேர்க்கும் வேலை மட்டும் துறையினுடையது. கல் எந்த நிலத்தில் இருக்கிறது என்ற விவரத்தைப் பொதுவில் ஒட்டாமல் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நடுகல்லின் அடியில் புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உத்தரவு வரும்வரை காத்திராமல், 200 பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கி எங்கள் நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி என் நினைவில் உள்ளதை எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டிருக்கிறேன். வலப்பக்கத்தில் ஆற்றின் எந்தக் கரை என்பதற்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆடிப் பொங்கலுக்கு அந்த அம்மா ஊருக்கு வருவார் என்று அவருடைய பேரன் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.