கனநீருக்குள் இருக்கும் பழைய கதை

அம்பாசமுத்திரம்
கார்த்திகை மாதம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பிசானத்துக்கு நாற்று நட்டு முடித்தாயிற்று. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா, எழுது.

ஒரு விஷயம் படித்ததிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது. தூத்துக்குடி கனநீர் ஆலையில் வேலைக்காலம் முழுவதும் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனோடேயே இருந்தவன் நீ. உர ஆலையிலிருந்து வரும் வாயுவிலிருந்து அம்மோனியா வழியாக அதைப் பிரிப்பதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாய். ஆனால் அது முதலில் எங்கே உண்டானது என்று நாம் பேசியதே இல்லை. நட்சத்திரங்கள் அதை மிச்சம் வைப்பதில்லை, எரித்துத் தீர்த்துவிடுகின்றன. நம் தாமிரபரணித் தண்ணீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்று டியூட்டீரியம். அது அநேகமாக முழுவதும் பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உண்டானதுதான். நீங்கள் பிரித்து அனுப்பிய சரக்குக்கு வயது 1,380 கோடி ஆண்டு, மாப்ளே!

அப்போது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து டியூட்டீரியம் ஆகும். சூட்டில் உடனே உடைந்தும் போகும். வெப்பம் 100 கோடி டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது நிலைத்தது. நிலைத்ததையும் இன்னொரு புரோட்டான் வந்து ஹீலியம்-3 ஆக்கிவிடும். இந்த வினை எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு மிச்சம் குறையும். மிச்சம் எவ்வளவு என்று வானியலார் பார்த்துவிட்டார்கள். குவேசார்கள் என்ற தொலைதூரப் பிரகாச விண்பொருள்களின் ஒளி, வழியிலுள்ள வாயு மேகங்களைக் கடந்து வரும்போது எடுத்த அளவு அது: 10 லட்சம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 25. பிழை ஒரு சதவீத அளவுதான். வினையின் வேகம்தான் சரியாகத் தெரியாமல் கணக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அளந்தது இத்தாலியில், கிரான் சாசோ மலைக்கு அடியில், லூனா என்ற ஆய்வுக்குழு. தலைக்கு மேலே 1,400 மீட்டர் பாறை. இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் புரோட்டானும் டியூட்டீரியமும் ஒன்றையொன்று விலக்கும். குறைந்த ஆற்றலில் வினை நடப்பதே அபூர்வம். நடந்தால் ஒரு காமாக் கதிர் வரும். தரைமட்டத்தில் அதைத் தேடுவது ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று ஒரு கொலுசுச் சத்தத்துக்குக் காது கொடுப்பது மாதிரி. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாகும் மியூவான் என்ற துகள்கள் அவ்வளவு இரைச்சல் போடும். அந்தப் பாறை அவற்றைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

உனக்குப் பிடிக்கிற இடம் இனிமேல்தான். புரோட்டான் கற்றையைப் பாய்ச்சுகிற, டியூட்டீரியம் வாயு நிரம்பிய அறைக்கு அடைப்புத் தகடே கிடையாது. தகடு வைத்தால் கற்றை அதிலேயே ஆற்றலை இழந்துவிடும். அதனால் கசிகிற வாயுவைப் பம்புகள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அடுத்த சிக்கல், வாயுவுக்குள் போகும் புரோட்டான் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்வதால் மின்னோட்டத்தை வைத்து எத்தனை புரோட்டான் போயிற்று என்று எண்ண முடியாது. அதற்கு அவர்கள் வெப்பத்தை அளக்கிறார்கள். கற்றை வந்து முடிகிற உலோகத்தை ஹீட்டரால் ஒரே சூட்டில் வைத்திருக்கிறார்கள். கற்றை விழுந்ததும் ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் குறைவாகப் போதுகிறதோ, அதிலிருந்து புரோட்டான் கணக்கு வந்துவிடும். பட்டறை ஆளின் மூளை இது!

2020-ல் முடிவு வெளியானது. வேகத்தில் இருந்த பிழை மூன்று சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதை வைத்துக் கணக்கிட்ட, பிரபஞ்சத்தில் அணுக்களாலான சாதாரணப் பொருளின் அளவு, பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டு கழித்துப் புறப்பட்ட ஒளியிலிருந்து பிளாங்க் செயற்கைக்கோள் கண்ட அளவோடு ஒத்துப்போகிறது. முதல் சில நிமிடங்களும் அவ்வளவு காலம் கழித்து வந்த ஒளியும் ஒரே சாட்சி சொல்கின்றன. படித்து முடித்து வெகுநேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதே முதல் நிமிடங்களில் உண்டான லித்தியம் மட்டும் ஒத்துவரவில்லை. கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. பெரும்பகுதி பெரிலியம்-7 ஆகப் பிறந்து பிறகு லித்தியமாக மாறுவது. அந்தப் பெரிலியத்தை நியூட்ரான் அழிக்கிற வினைகளையும் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள், பள்ளம் தூரவில்லை. வினைகளின் மேல் இனிக் குற்றம் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். அந்த நட்சத்திரங்களே தங்கள் லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து அழித்திருக்க வேண்டும் என்பது என் பக்கம்.

ஒன்று கேட்க வேண்டும். ஆலையில் டியூட்டீரியச் செறிவை ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கருவியால் அளந்தீர்கள்? விவரமாக எழுது. பொங்கலுக்கு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள்.

உன் மச்சான்