பெற்றோர்களுக்கு: பருவ நிறைவுச் செய்தியும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். உடன் உழைத்த ஆசிரியர்களுக்கு நன்றி.

இனி, இக்கடிதத்துக்கான காரணம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளையில் வரலாற்றுத் தேர்வு நடந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். பேனா முனை இழுத்த கோடு விடைத்தாளின் ஓரம்வரை போயிருந்தது. எழுப்பிக் கேட்டேன். "இரவு ஒன்றரை மணிவரை படித்தேன் ஐயா, அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்" என்றான். ஒப்பித்தது உண்மைதான், அம்மாவும் அதையே சொன்னார். விடிவதற்குள் அதெல்லாம் எங்கே போயிற்று?

நான் பல ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன். சிறிது பாடம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விழித்துக் கற்கும்போது மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகேம்பஸ், நொடிக்கு 4 முதல் 8 துடிப்புகள் கொண்ட, தீட்டா எனப்படும் மூளை மின்னலையின் தாளத்தில் புதிய செய்தியைக் குறித்துக்கொள்கிறது. அது வெறும் கைக்குறிப்பு. அதை நிலையான ஏட்டில் ஏற்றும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில், மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் நொடிக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ பெரிய அலைகள் எழுகின்றன. அவற்றின் மேல், நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த சிறு அலைக்கொத்துகள் அரை நொடி முதல் இரண்டு நொடிவரை தோன்றி மறைகின்றன. நூற்கும் கதிரைப் போன்ற வடிவம் என்பதால் இவற்றை உறக்கக் கதிர் என்கிறோம். அதே கணங்களில் ஹிப்போகேம்பஸ் பகலில் கற்றதை மிக வேகமாக மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. எலிகள் விழித்து நடந்தபோது சேர்ந்து இயங்கிய மூளைச் செல்கள், பின்னர் தூக்கத்திலும் சேர்ந்து இயங்கியதை வில்சன், மெக்நாட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் பதிவு செய்தார்கள். பெரிய அலை, உறக்கக் கதிர், ஹிப்போகேம்பஸின் மறு ஓட்டம் என்ற தூக்கத்தின் இந்த மூன்று தாளங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்போது பாடம் மனத்தில் நன்றாகத் தங்குகிறது. தூங்காத மூளை மறுநாள் நடத்தும் பாடத்தையும் சரியாக வாங்கிக்கொள்ளாது. ஆக, நட்டம் இரட்டிப்பு.

பதின்பருவப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த ஒன்றரை மணிவரையிலான நேரத்தில் படிப்பு எவ்வளவு, கைப்பேசி எவ்வளவு என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். வகுப்பில் தூங்கும் பிள்ளையைத் திருத்துவது ஆசிரியரின் வேலை என்று சிலர் சொன்னீர்கள். மன்னிக்கவும், இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டு விளக்கை அணைக்க என்னால் வர இயலாது. தலையணைக்கடியில் கைப்பேசி இருக்கக் கூடாது. இதில் விலக்குக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு. வரும் பருவம் முதல், முதல் பாடவேளையில் தேர்வு வைக்கமாட்டோம். மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டுப்பாடம் எதுவும் அனுப்பமாட்டோம்.

இதற்குள் பல வீடுகளில் இரவானதும் கைப்பேசிகள் கூடத்துக்கு வந்துவிட்டதாக அறிகிறேன். மிக்க நன்றி. அந்த மாணவனின் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. தம் கைப்பேசியையும் மகனுடையதோடு சேர்த்தே வைக்கிறாராம். அவனுக்கு மறுதேர்வு வியாழக்கிழமை, மூன்றாம் பாடவேளையில்.

அன்புடன்,
தலைமையாசிரியர்