போகச் சொல்வது நீங்கள், ராஜினாமா எழுதுவது நாங்களா?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி நிறுவனங்களில் எச்.ஆர். (மனிதவளத் துறை) வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்குறைப்புச் செய்தி ஏதாவது வந்துவிட்டால் எங்கள் வாட்ஸப் குழுக்களில் முதலில் வந்து விழுவது மீம்தான். டீக்கடை போடலாமா, ஊருக்குப் போய் ஆடு வளர்க்கலாமா, பைக் டாக்ஸி ஓட்டினால் மாதம் எவ்வளவு நிற்கும் என்று கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டிருப்போம். 2025 ஜூலையில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப் போவதாகச் சொன்னபோதும் இதேதான் நடந்தது. ஏஐ வந்து வேலையைத் தின்றுவிட்டது என்று ஒரு கூட்டம், அதெல்லாம் இல்லை, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களைத்தான் நீக்குகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். (அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியே ஏஐ காரணம் இல்லை, திறன் பொருந்தாததும் ப்ராஜெக்டில் போட முடியாததும்தான் காரணம் என்றார்.) இதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் தனியாக மெசேஜ் போடுவார்: "உங்க கம்பெனில கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க, எழுதிக் கொடுத்துருவீங்களா?"

இந்த மடல் அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒருவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது நிறுவனம், ஆனால் ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவர் எழுதித் தர வேண்டும் என்கிறீர்கள். இதை நிறுத்துங்கள். எடுப்பது நீங்கள் என்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பு என்னோடு ஒரே டீமில் இருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதினோரு வருட சர்வீஸ். மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால் காலண்டரில் ஒரு மீட்டிங், தலைப்பு "க்விக் கனெக்ட்". சின்ன அறை, எதிரே எச்.ஆரிலிருந்து இரண்டு பேர், அவருடைய மேனேஜர் அங்கே இல்லை. ப்ராஜெக்ட் இல்லை, மேலிடத்து முடிவு, உங்கள் மேல் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவருடைய லேப்டாப்பையே திறந்து ராஜினாமாப் பக்கத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் "காரணம்" என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும், உங்களுக்குத் தெரியாததல்ல. மேற்படிப்பு, திருமணம், உடல்நிலை, வேறு நல்ல வாய்ப்பு, சொந்தக் காரணம். நிறுவனம் போகச் சொன்னது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. "சொந்தக் காரணம்னு போட்டுக்கோங்க" என்றாராம் ஒருவர். வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று இவர் கேட்டதற்கு, இந்த அறையை விட்டுப் போவதற்குள் போட்டால் மூன்று மாத பேசிக் (அடிப்படைச் சம்பளம்) உண்டு, இல்லாவிட்டால் டெர்மினேஷன்தான் (பணிநீக்கம்), அப்புறம் ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) சிக்கலாகும், அடுத்த கம்பெனி பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் (பழைய வேலை பற்றிய விசாரிப்பில்) கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில். யாரும் குரலை உயர்த்தவில்லை, தண்ணீர் பாட்டிலைக்கூட அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்களாம். ஆறு மணிக்கு லேப்டாப்பும் அடையாள அட்டையும் போய்விட்டன. அவருடைய இடத்தில் இருந்த டிபன் பாக்ஸை எடுக்க அவரை உள்ளே விடவில்லை, பக்கத்து சீட்டுப் பையன் கொண்டுவந்து வாசலில் கொடுத்தான். இரவு சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம்: "உங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது."

அவர் ராஜினாமா செய்யவே இல்லையே! ஆனால் காகிதத்தில் அவர் தானாகவே போய்விட்டார்.

அந்தக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று உங்களுக்குத் தெரியும், எங்களில் பலருக்குத்தான் தெரியாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமானாலும் சரி, அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமானாலும் சரி, தண்டனையாக அல்லாமல் நிறுவனம் ஒருவரை வேலையை விட்டு எடுத்தால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். புதிய சட்டத்தில் மறுதிறன் பயிற்சி நிதி என்று கூடுதலாக 15 நாள் சம்பளமும் உண்டு. என் நண்பரின் பதினோரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள், இழப்பீடு மட்டுமே 165 நாள் சம்பளம். ஆனால் தானாக முன்வந்து வேலையை விட்டுப் போவது ஆட்குறைப்பில் சேராது. அதனால்தான் அந்தப் பக்கத்தில் ஊழியரின் விரலே அழுத்த வேண்டியிருக்கிறது. "சொந்தக் காரணம்" என்று ஒரு வரி விழுந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் பேச்சுக்கே வராது. மூன்று மாத பேசிக் என்பதைப் பெரிய மனது போலச் சொல்கிறீர்கள், பல இடங்களில் பேசிக் என்பதே மொத்தச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்து வந்திருக்கிறது.

ஐடிக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கமே ஊறிக் கிடக்கிறது. கழுத்தில் அட்டை மாட்டியவன் தொழிலாளி இல்லை என்று யார் சொன்னார்களோ தெரியாது, எல்லோரும் நம்புகிறோம். தமிழக அரசு 2016லேயே ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் உண்டு என்று தெளிவுபடுத்திவிட்டது. 2015இல் டிசிஎஸ் வேலையிலிருந்து நீக்கிய ஒருவர் விடாமல் வழக்கு நடத்தி, 2022இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றார். அவர் மேலாளர் பதவியில் இருந்தவர், தொழிலாளி இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். பதவியின் பெயரைப் பார்க்காமல் அவர் உண்மையில் செய்த வேலையைப் பார்த்த நீதிமன்றம், மீண்டும் வேலையும் இடைப்பட்ட காலத்துச் சம்பளமும் தரச் சொன்னது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழு வருடம். வீட்டுக் கடன் வாங்கியிருக்கிற ஒருவரால் எத்தனை மாதம் வழக்கு நடத்த முடியும்? நடத்த மாட்டார் என்ற தைரியம்தான் அந்தச் சின்ன அறையின் பலமே.

நீங்கள் சொல்கிற பதில் ஒன்று உண்டு, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. "டெர்மினேட் பண்ணினா ரெக்கார்டுல கறை, ராஜினாமான்னா கௌரவமா போகலாம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்கிறீர்கள். உங்களில் சிலர் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் அது ஏன் கறையாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆட்குறைப்பு நடந்தால் யாருமே அதை ஆட்குறைப்பு என்று எழுதுவதில்லை. எல்லோரையும் ராஜினாமாவில் அனுப்பிவிடுகிறார்கள், அதனால் கடிதத்தில் நீக்கம் என்று வாங்கிய ஒன்றிரண்டு பேர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் போலத் தெரிகிறார்கள். நூறு பேரை நீக்கும்போது நூறு பேருக்கும் "ப்ராஜெக்ட் குறைந்ததால் பணியிலிருந்து விடுவிக்கிறோம், இவருடைய வேலையில் குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கறை எங்கே ஒட்டும்? அடுத்த நிறுவனத்தில் ஆள் சேர்ப்பவருக்கும் விஷயம் புரியும், அவரும் இதே ரோட்டில்தானே வேலை பார்க்கிறார். மாறாக, கையில் வேலை இல்லாமல் "சொந்தக் காரணம்" என்று விட்டுவிட்டு வந்தவரை இண்டர்வியூவில் உட்கார வைத்துத் துருவுகிறார்கள். என்ன காரணம், ஏன் அடுத்த வேலை பார்க்காமல் விட்டீர்கள், நோட்டீஸ் பீரியட் 90 நாள் ஆயிற்றே, எப்படி ஒரே நாளில் ரிலீவ் ஆனீர்கள் என்று. அவர் உண்மையைச் சொன்னால் காகிதம் பொய் சொல்கிறது, காகிதத்தில் இருப்பதைச் சொன்னால் அவர் பொய் சொல்ல வேண்டும். கௌரவம் என்று நீங்கள் கொடுத்தது இதைத்தான்.

அமெரிக்காவைப் பாருங்கள். நினைத்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஊர் என்றுதான் பெயர். அங்கேயே 1988ஆம் ஆண்டின் வார்ன் சட்டம் இருக்கிறது. 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் கூட்டமாக ஆட்களை நீக்குவதாக இருந்தால் 60 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், மாநில அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அந்தப் பட்டியலை அரசே இணையத்தில் போடுகிறது, எந்த நிறுவனம், எந்த ஊர், எத்தனை பேர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே வேலை போனவர்கள் லிங்க்ட்இன்னில் வெளிப்படையாக எழுதுகிறார்கள், தெரிந்தவர்கள் வேலை பார்த்துச் சொல்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கேயோ சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் எத்தனை பேர் போனார்கள் என்று தேனாம்பேட்டையில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் தெரியப் போவதில்லை. எல்லோரும் சொந்தக் காரணத்துக்காகப் போனவர்கள் என்றால் எதை வைத்துக் கணக்கு எடுப்பார்கள்?

பணத்தைவிட அதிகமாக ஆளை உடைப்பது அந்த ஒரு மணி நேர அவசரம்தான். நாங்கள் போக வேண்டுமென்றால் 90 நாள் நோட்டீஸ், புதிய கம்பெனி காத்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று கெஞ்சினாலும் ஒரு நாள் குறைக்க மாட்டீர்கள். நீங்கள் அனுப்ப வேண்டுமென்றால் மட்டும் சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும். அன்றோடு குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸும் போகிறது, அப்பாவுக்கு வாராவாரம் டயாலிசிஸ் நடக்கிற வீடாக இருந்தாலும் சரி. சம்பளப் பட்டியல், அப்ரைசல் கடிதங்கள், பி.எஃப். விவரம் எல்லாம் அந்த லேப்டாப்பிலேயே கிடக்கின்றன, எடுத்துக்கொள்ள நேரம் கொடுப்பதில்லை. கணக்கு முடித்துத் தருவதற்கு மட்டும் நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று இழுக்கிறீர்கள். புதிய ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, வேலையிலிருந்து எடுத்தாலும் சரி, ராஜினாமாவானாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இதையாவது உங்கள் பேரோல் டீமிடம் இன்றைக்கே கேளுங்கள்.

பட்டியல் தயாரிப்பவர் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் காலாண்டுக்குள் இத்தனை பேர் என்று மேலிருந்து ஒரு எண் வருகிறது, அதை முடித்துக் காட்டினால்தான் உங்கள் அப்ரைசலும் நன்றாக இருக்கும். புதிதாக ஆள் சேர்ப்பது நின்றுவிட்டால் முதலில் கைவைப்பது உங்கள் ரெக்ரூட்மென்ட் டீம் மேல்தான், உங்களையும் இதே மாதிரி ஒரு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்களை எதிரியாக நினைத்து இதை எழுதவில்லை. வியாபாரம் குறைந்தால் ஆட்களைக் குறைக்கவே கூடாது என்றும் நான் வாதாடவில்லை. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். மீட்டிங்கின் தலைப்பில் விஷயத்தைச் சொல்லுங்கள். கூப்பிட்ட அன்றே எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள், ஒரு வாரமாவது கொடுங்கள், கூட ஒரு ஆளை அழைத்து வர விடுங்கள். வாயால் சொல்வதை மெயிலில் போடுங்கள். ரிலீவிங் லெட்டரைப் பணயமாக வைக்காதீர்கள், அது அவர் உழைத்ததற்கான சான்று. ஐந்து வருடத்தை நெருங்குகிறவரைக் கிராச்சுட்டி (பணிக்கொடை) வருவதற்குள் அனுப்பிவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால், அது தப்பு என்று அந்த மீட்டிங்கிலேயே சொல்லுங்கள். சொல்ல முடிகிற இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான், நாங்கள் அந்த மீட்டிங்கில் இருப்பதில்லை.

இதை எச்.ஆர். அல்லாத நண்பர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. நாளைக்கே உங்களைக் கூப்பிட்டால் சண்டை போட வேண்டாம், அழவும் வேண்டாம். "நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுப் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வந்தவுடன், அறையில் பேசியதை நேரம், பெயர்களோடு சொந்த மெயிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐடி ஊழியர் சங்கங்கள் சென்னையில் இருக்கின்றன, அன்றைக்கே போன் செய்யுங்கள். சம்பளச் சீட்டுகளை ஒவ்வொரு மாதமும் வெளியே சேமித்து வையுங்கள், அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு டெஸ்டர்