முதலில் அந்தப் பகல் நிலையத்துக்குப் போன் எடு

மச்சான் குமார்,

கடிதம் கிடைத்தது. பாரிசவாதம் வந்த ராணி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் தானாக நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய், வாசித்துவிட்டு எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோசம். அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, வாசலுக்கு வான் வருகிறது, தமிழ் கதைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், இடம் தருகிறோம் என்று அவர்களே கேட்டும் நீ பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். கட்டின மனிசியை ஓரிடத்தில் விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லையாம். டேய், இங்கே திருகோணமலையில் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரைக்கும் தேடினாலும் அப்படி ஒன்று எனக்குக் கிடைக்காது. முதியோர் சங்கம் இருக்கிறது, அது நடந்து வந்து கதைத்துவிட்டுப் போகக்கூடியவர்களுக்கு. அப்பாவைப் போன்றவர்களுக்கு வீடு, வீடு விட்டால் ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு ஆவணியோடு 86. உடம்புக்கு ஒன்றுமில்லை, சீனிகூட இல்லை. ஆனால் மறதி நோய். இராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி, சேட்டை மாட்டி, சாரத்துக்கு மேலே பெல்ட்டையும் கட்டிக்கொண்டு, ஸ்டோர் திறப்பு எங்கே என்று கேட்பார். துறைமுகத்து ஸ்டோரைப் பூட்டிவிட்டு ஓய்வூதியத்தில் வந்து எத்தனையோ காலம், மனுசன் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மேசை லாச்சியில் கிடந்த பழைய திறப்புக் கொத்தைக் கையில் கொடுப்பேன். ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுவார். ஒன்று குறைகிறது என்பார். திரும்பவும் எண்ணுவார். இது விடிய மட்டும் நடக்கும், நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு போனில் வாசிப்பேன். அப்படி வாசித்தவைதான் இதெல்லாம், நான் ஒன்றும் டாக்டர் ஆகிவிடவில்லை.

1995இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். மறதி நோய்க்காரரை வீட்டில் பார்க்கிற 13 பெண்கள், பார்க்காத 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் ஒரே அளவான சின்னக் காயம், 3.5 மில்லிமீட்டர், சுகமாக எவ்வளவு நாள் எடுக்கிறது என்று பார்த்தார்கள். பார்க்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக எடுத்தது. எனக்கு இதை வாசித்ததும் உன் காலில் ஆறாமல் கிடக்கிறது என்று எழுதியிருந்த புண்தான் நினைவுக்கு வந்தது. நீ சீனி வருத்தத்தைக் குற்றம் சொல்கிறாய், அது சரிதான், ஆனால் ஒழுங்காகத் தூங்காத உடம்பும் அதில் சேர்த்தி இல்லையா?

உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை, ஆராய்ச்சி எல்லாம் பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுத்தால் உடனே எல்லாம் சரியாகும் என்று சொல்லவில்லை. 2014இல் கொக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற குழு, மறதி நோய்க்காரரைப் பார்க்கிறவர்களுக்கு ஓய்வு கொடுத்த பரிசோதனைகளைத் தேடிச் சேர்த்துப் பார்த்தது. தேறியது 4 ஆய்வு, 753 பேர். பெரிய பலன் எதையும் காட்ட முடியவில்லை. அவர்களே சொல்கிறார்கள், இதற்கு அர்த்தம் ஓய்வால் பலனில்லை என்பதல்ல, தரமான ஆய்வு போதாது என்பதுதான் என்று. நான் நினைக்கிறேன், ஓய்வு என்று எதைக் கொடுத்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. எப்போதாவது ஒருநாள் யாரோ வந்து இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனால், அந்த இரண்டு மணித்தியாலமும் நோயாளி என்ன செய்கிறாரோ என்ற யோசனையிலேயே போய்விடும். ஸ்டீவன் செரிட் என்ற பேராசிரியர், அவர்தான் 1980இல் பராமரிப்பவரின் சுமையை அளக்கக் கேள்வித்தாள் செய்தவர், பிற்காலத்தில் பகல் நிலையத்துக்கு அனுப்புகிற குடும்பங்களை நாளுக்கு நாள் விசாரித்துப் பார்த்தார். அனுப்பிய நாளில் பராமரிப்பால் வருகிற தொல்லைகள் குறைவு, அனுப்பாத நாளில் அதிகம். ஒரே ஆள், ஒரே வீடு, நாள் மட்டும் வேறு. வருசக் கணக்கில் அளந்தால் தெரியாதது நாள் கணக்கில் தெரிகிறது.

அப்புறம் இன்னொன்று, இதைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். டேல் லண்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், கிடைத்த ஓய்வு நேரத்தில் பராமரிப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். செய்ய ஆசைப்பட்டது ஒன்று, செய்தது வேறொன்று என்று இருந்தவர்களுக்கு அந்த நேரத்தால் திருப்தி இல்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ராணியை வானில் ஏற்றிவிட்டு உடுப்புத் தோய்ப்பாய், பில் கட்டுவாய், மூன்று நாள் கறியைச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைப்பாய், வான் திரும்பி வரும்போது இன்னும் களைத்துப் போய் நிற்பாய்.

என் கதையைக் கேள். பாலையூற்றிலிருந்து ஒரு அக்கா செவ்வாய், வெள்ளி காலையில் வருகிறார். லண்டனிலிருந்து தங்கச்சி காசு அனுப்புகிறாள், அதில்தான் அவருக்குச் சம்பளம். வெள்ளி வெளிவேலைக்கு, மருந்து, வங்கி, சந்தை. செவ்வாய் எனக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைக்குள் போய்விடுவேன், கோணேசரைக் கும்பிடுகிறேனோ இல்லையோ, மரத்துக்குக் கீழே பிளேன்டீயோடு உட்கார்ந்து மான்களைப் பார்ப்பேன். அதுகளுக்கு இப்போது பயமே விட்டுப்போய்விட்டது, பையில் மூக்கை விட்டுத் தேடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தகப்பனைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான் என்று சொன்னாராம். சொல்லட்டும். அவர் ஒரு இரவு வந்து திறப்பு எண்ணட்டும்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். அவர்களுக்கும் வேலை, குடும்பம், எதற்குக் கரைச்சல் கொடுப்பான் என்று. நியூயோர்க்கில் மேரி மிட்டல்மன் என்பவர் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது, மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ வீட்டில் பார்த்த 406 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான உதவி, மற்றப் பாதிக்கு இரண்டு தரம் தனியாகவும் நாலு தரம் குடும்பத்தையும் உட்கார்த்திவைத்துக் கதைத்தார்கள், பிறகு தேவைப்பட்டபோது தொலைபேசியிலும். கதைத்த குடும்பங்களில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிற நாள் சராசரியாக ஒன்றரை வருசம் தள்ளிப்போனது. 557 நாள் என்று 2006இல் எழுதியிருக்கிறார்கள். உன் வீட்டில் பாரிசவாதம், அது வேறுதான், ஆனால் இராத்திரி எழும்புவது ஒன்றுதானே. ராணியை விடக்கூடாது என்றுதானே நீ பகல் நிலையத்துக்கே அனுப்பாமல் இருக்கிறாய்? தனியாக இழுத்துக்கொண்டு போனால்தான் ஒருநாள் நிரந்தரமாக விட வேண்டி வரும்.

எங்களைப் போன்ற இடத்துக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. கோவாவில் 81 குடும்பங்களில் செய்து 2008இல் வெளிவந்தது. நிபுணர்கள் இல்லை, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள், ஆறு மாதத்தில் பார்க்கிறவர்களின் மனநிலை தேறியது. கட்டடமும் வேண்டாம், வானும் வேண்டாம். இங்கே குடும்பநல மாது வீட்டுக்கு வந்து குழந்தையின் நிறையைப் பார்க்கிற ஒழுங்கு எத்தனை காலமாக இருக்கிறது, அதே தெருவில் கிழவர்களைப் பார்க்கவும் ஒருவர் வந்தால் என்ன? 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்லது, செய்கிறோம். செய்கிறவன் எப்போது தூங்குவது என்று யாரிடம் கேட்பது? கோயில் நிர்வாகத்தில் ஒருவரிடம் கதைத்திருக்கிறேன், மடத்து மண்டபம் வார நாளில் சும்மாதான் கிடக்கிறது. யோசிப்போம் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீ யோசிக்காதே. திங்கட்கிழமை போன் எடுத்து இடம் இருக்கிறதா என்று கேள். வாரத்தில் இரண்டு நாள், அதே கிழமை, மாற்றாதே. ராணி முதல் கொஞ்ச நாள் கோபப்படுவாள், நீயும் வாசலில் நின்று அந்தரப்படுவாய். மூத்தவனிடம் நீ சொல்லாவிட்டால் நான் வட்ஸ்அப்பில் சொல்வேன், அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

புண்ணைக் காட்டினாயா என்றும் எழுது. இங்கத்தைய சனிக்கிழமை பின்னேரம் கோல் எடு, அப்பா அப்போது ஒரு தூக்கம் போடுவார். செவ்வாய் காலையில் மட்டும் எடுக்காதே, நான் தூக்க மாட்டேன்.

அன்புடன்,
ரவி